ஈஸ்டர் முடிந்த பிறகு லுத்தரன் சபையில் என்ன நடக்கிறது?

சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்: "நான் வளர்ந்தது பெந்தெகொஸ்தே சபையில். கல்யாணமாகித் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக் குடும்பத்துக்கு வந்து இதுதான் முதல் ஈஸ்டர். பண்டிகை அன்று விடியற்காலையில் கோயில் நிரம்பி வாசல் வரைக்கும் ஆட்கள். அடுத்த ஞாயிறு போனால் பாதி பெஞ்சு காலி. ஆனால் குருவானவர் அன்றும் ‘கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்’ என்றுதான் ஆரம்பித்தார். இது இன்னும் எத்தனை வாரம்? பாவ மன்னிப்பைப் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பது எதற்கு? இந்த மாதங்களில் சபையில் என்னவெல்லாம் நடக்கும், நான் எதில் சேர்ந்துகொள்ளலாம்? நற்கருணை எடுக்கலாமா?"

சகோதரிக்கு ஸ்தோத்திரம்.

எத்தனை வாரம் என்பதற்கு நேரடியான பதில் இருக்கிறது. ஈஸ்டர் ஒரு நாள் பண்டிகை இல்லை, ஐம்பது நாள் காலம். 2026ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 5 ஈஸ்டர். நாற்பதாம் நாளான மே 14, வியாழக்கிழமை, இயேசு பரலோகத்துக்கு ஏறிய பரமேறுதல் நாள். ஐம்பதாம் நாளான மே 24, பரிசுத்த ஆவி இறங்கியதை நினைக்கும் பெந்தெகொஸ்தே பண்டிகை. அதுவரைக்கும் பீடத்தில் வெள்ளைத் துணிதான். ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலமான லெந்து நாட்களில் பாடாமல் நிறுத்தி வைத்திருந்த அல்லேலூயா திரும்ப வந்துவிடும். சில கோயில்களில் பெரிய மெழுகுவர்த்தி ஒன்று பீடத்துக்கு அருகில் எரியும். பரமேறுதல் வரையோ பெந்தெகொஸ்தே வரையோ அதை ஏற்றுவார்கள். அப்புறம் அது ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் போய்விடும், ஞானஸ்நானத்துக்கும் அடக்க ஆராதனைக்கும் மட்டும் ஏற்றப்படும். உங்கள் கோயிலில் அப்படி ஒன்று இல்லையென்றாலும் குறையில்லை. லுத்தரன்களின் அடிப்படை விசுவாச அறிக்கையான 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கை, அதன் 7ஆம் பிரிவில், சுவிசேஷம் சுத்தமாகப் போதிக்கப்படுவதும் ஞானஸ்நானம், நற்கருணை போன்ற திருவருட்சாதனங்கள் முறையாகக் கொடுக்கப்படுவதும் போதும், மனிதர் ஏற்படுத்திய சடங்குகள் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்க வேண்டியதில்லை என்கிறது. அதனால் ஒரு லுத்தரன் சபையில் பார்த்ததை இன்னொன்றில் தேடி ஏமாற வேண்டாம். நான் கீழே சொல்வதிலும் சிலது உங்கள் சபையில் வேறு மாதிரி இருக்கும்.

இந்த ஞாயிறுகளை எண்ணுவதில் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. பழைய கணக்கில் ஏப்ரல் 12 ‘ஈஸ்டருக்குப் பின் முதல் ஞாயிறு’. ஞாயிறு வேத வாசிப்புகளுக்கான மூன்று ஆண்டுச் சுழற்சியைப் பின்பற்றும் சபைகள் அதையே ‘ஈஸ்டர் காலத்தின் இரண்டாம் ஞாயிறு’ என்கின்றன. வாசிப்புப் பட்டியலைப் பார்க்கும்போது இது தெரிந்திருந்தால் ஒரு வாரம் தப்பிப் போகாது.

இனி அந்தக் காலி பெஞ்சுகள். அதைப் பற்றி வருத்தப்படுகிற பெரியவர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். சில குருமார் அன்றைக்கு வந்தவர்களைப் பார்த்து வராதவர்களைத் திட்டுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை, ஏனென்றால் அன்றைய சுவிசேஷ வாசிப்பே வராத ஒருவரைப் பற்றியது. யோவான் 20: சீடர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு கூடியிருக்கிறார்கள், இயேசு வருகிறார், தோமா மட்டும் அங்கே இல்லை. எட்டு நாள் கழித்து அவருக்காகவே இன்னொரு முறை வருகிறார். பழைய ஓராண்டு ஒழுங்கிலும் சரி, புதிய மூன்று ஆண்டு ஒழுங்கிலும் சரி, இந்த ஞாயிறுக்கு ஒவ்வொரு வருடமும் இதே பகுதிதான். கூட்டம் குறைகிற வாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாசிப்பு கிடைக்காது. தோமாவை மற்றவர்கள் கடிந்துகொண்டதாக அங்கே ஒரு வரியும் இல்லை, "கர்த்தரைக் கண்டோம்" என்று போய்ச் சொன்னார்கள் என்றுதான் இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு அந்தத் தோமாவின் பேரில் ஒரு மலையே இருப்பது கூடுதல் உறவு.

உங்களுடைய பாவ மன்னிப்புக் கேள்விக்கும் பதில் அதே அதிகாரத்தில் இருக்கிறது. இயேசு சீடர்கள்மேல் ஊதி, "எவர்களுடைய பாவங்களை மன்னிக்கிறீர்களோ அவைகள் அவர்களுக்கு மன்னிக்கப்படும்" என்கிறார். ஆராதனை தொடக்கத்தில் சபையார் சேர்ந்து பாவ அறிக்கை சொன்னதும் குருவானவர் திரும்பி நின்று மன்னிப்பைக் கூறுகிறாரே, அது இந்த வசனத்தின் மேல் நிற்கிறது. நீங்கள் வளர்ந்த சபையில் ஒருவர் மனம் உடைந்து, தன் சொந்த வார்த்தையில், கண்ணீரோடு ஜெபிப்பது பழக்கமாக இருந்திருக்கும். அதை லுத்தரன் முறை மறுக்கவில்லை. ஆனால் அழ முடியாத நாளும் வரும். மனம் மரத்துப்போய், பிள்ளையை அடித்து இழுத்துக்கொண்டு, வீட்டில் சண்டை போட்டுவிட்டுக் கோயிலுக்கு வருகிற நாள். அன்றைக்கு மன்னிப்பு உண்டா இல்லையா என்பதை நம்முடைய உணர்ச்சியின் அளவை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது என்பதில், லுத்தரன் மரபைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் மிகவும் பிடிவாதமாக இருந்தார். மன்னிப்பு வெளியிலிருந்து, இன்னொருவர் வாயிலிருந்து, காதில் விழ வேண்டும். வார்த்தை ஒவ்வொரு வாரமும் மாறாமல் இருப்பது அதற்காகத்தான். தனியாகக் குருவானவரிடம் போய் அறிக்கை செய்து மன்னிப்புக் கேட்கும் வழக்கத்தையும் ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 11ஆம் பிரிவு விட்டுவிடக் கூடாது என்று சொல்கிறது. நம் சபைகளில் அதைப் பெரும்பாலோர் மறந்துவிட்டோம். அது இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. அதுவும் கத்தோலிக்கர்களுடையது என்று நினைத்துக்கொண்டு விட்டோம் பாருங்கள்.

இந்த ஞாயிறுகளுக்குப் பழைய லத்தீன் பேர்கள் உண்டு. ஜெர்மனியின் லுத்தரன் சபைகள் இன்றும் அவற்றைக் காலண்டரில் அச்சடிக்கின்றன: குவாசிமோதோகெனிதி, மிசெரிகோர்தியாஸ் தோமினி, யூபிலாத்தே, கன்தாத்தே, ரொகாத்தே, எக்சௌதி. பெரும்பாலானவை அந்த நாள் ஆராதனையின் முதல் வசனத்திலிருந்து எடுத்த சொற்கள். முதலாவது, பேதுருவின் முதல் நிருபம் 2ஆம் அதிகாரத்தில் வரும் "புதிதாய்ப் பிறந்த குழந்தைகளைப்போல" என்பது. ஆதித் திருச்சபையில் ஈஸ்டர் இரவில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஒரு வாரம் வெள்ளை உடை உடுத்தியிருந்த காலத்தின் மிச்சம் அது.

அடுத்தது நல்ல மேய்ப்பன் ஞாயிறு, யோவான் 10. மூன்று ஆண்டுச் சுழற்சியில் இது ஒரு வாரம் தள்ளிப்போகும். அந்தச் சுழற்சியில் இன்னொரு மாற்றமும் கவனிக்கலாம்: வழக்கமாகப் பழைய ஏற்பாட்டு வாசிப்பு வரும் இடத்தில் இந்தக் காலத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் வாசிக்கப்படும். ஆதிச் சபை எப்படிக் கூடியது, யார் யாரோடு சண்டை போட்டார்கள், விதவைகளின் சாப்பாட்டு விஷயத்தில் என்ன தகராறு என்பதெல்லாம் வரிசையாக வரும். இன்றைய சபைச் சங்கத்துக் கூட்டங்களில் உட்கார்ந்தவர்களுக்கு எதுவும் புதிதாக இருக்காது.

யூபிலாத்தே என்றால் களிகூருங்கள் என்று பொருள். பழைய ஒழுங்கில் அந்த ஞாயிறுக்குக் கொடுத்திருக்கும் சுவிசேஷமோ யோவான் 16: "நீங்கள் அழுது புலம்புவீர்கள், உலகமோ சந்தோஷப்படும்." லைப்சிக் நகரத்துக் கோயில்களுக்கு இசை எழுதிய பாக், 1725ஆம் வருடம் இந்த ஞாயிறுக்குச் செய்த இசையை அழுகையிலேயே தொடங்குகிறார். மரியானா ஃபான் சீக்லர் என்ற பெண் கவிஞர் எழுதிக்கொடுத்த பாட்டு அது. இந்த ஞாயிறிலிருந்து திரித்துவ ஞாயிறு வரைக்கும் அவருடைய ஒன்பது பாடல்களுக்குப் பாக் இசையமைத்தார். ஈஸ்டர் முடிந்தும் அழுகிறவர்கள் சபையில் இருப்பார்கள். லெந்து நாட்களில் வீட்டில் சாவு விழுந்தவர்களுக்கு ஈஸ்டர் அன்று எல்லோரும் கைகுலுக்குவது கஷ்டமாகத்தான் இருக்கும். அவர்களுக்கு ஒரு ஞாயிறு ஒதுக்கி வைத்திருப்பது பழைய ஒழுங்கின் நல்ல குணம்.

கன்தாத்தே, பாடுங்கள் என்ற ஞாயிறு. ஜெர்மனியில் பாடகர் குழுக்களின் நாள். நம்முடைய சபைகளுக்கும் பாட்டில் சொத்து ஒன்றும் குறைவில்லை. இரண்டு விதப் பாட்டைப் பாடுகிறோம் என்பதை இதற்குள் கவனித்திருப்பீர்கள். ஜெர்மன் மெட்டில் மெதுவாகப் போகிற ஞானப்பாட்டு ஒன்று. 18ஆம் நூற்றாண்டில் சென்னையில் ஊழியம் செய்த ஃபப்ரீசியுஸ் அந்த மொழிபெயர்ப்புகளில் பெரும் உழைப்பைப் போட்டவர். இன்னொன்று கர்நாடக ராகத்தில் வரும் கீர்த்தனை. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பேர் இல்லாமல் அதைப் பேச முடியாது. ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, சரபோஜி மன்னரோடு பழகிய மனிதர். முதல் சில வாரங்களுக்கு ஞானப்பாட்டு உங்களுக்கு இழுவையாகத்தான் இருக்கும். கைதட்டிப் பாடிப் பழகியவருக்கு அது சகஜம். வயதான அம்மாமார் பக்கத்தில் உட்காருங்கள். அவர்களுக்குப் புத்தகம் தேவைப்படாது, மூச்சு எங்கே எடுப்பது என்பது கேட்டாலே பிடிபட்டுவிடும்.

ரொகாத்தே ஜெபத்தின் ஞாயிறு. ஐரோப்பாவில் வயலைச் சுற்றி நடந்து விளைச்சலுக்காக ஜெபித்த வழக்கம் இந்த நாட்களோடு சேர்ந்தது. நம் ஊரில் மே மாதம் என்றால் கிணறு வற்றும் காலம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் தேதி ஜூன் 12. தரங்கம்பாடி, பொறையாறு, தஞ்சாவூர்ப் பக்கத்துச் சபைகள் எல்லாம் காவிரித் தண்ணீரை நம்பிய ஊர்களில் இருக்கின்றன. மழைக்கும் தண்ணீருக்கும் ஜெபிப்பதற்கு அங்கே தனியாகக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

டென்மார்க்கில் இதே காலத்தில் ‘பெரிய ஜெப நாள்’ என்று ஒன்று உண்டு. ஈஸ்டருக்குப் பிறகு வரும் நான்காம் வெள்ளிக்கிழமை. பல சின்னச் சின்ன உபவாச, ஜெப நாட்களை ஒன்றாகக் கட்டி 1686இல் சட்டமாக்கினார்கள். முந்தைய நாள் மாலையே மணி அடித்துக் கடைகள் மூட வேண்டும், ரொட்டிக் கடைக்காரர்கள் அன்று வேலை செய்யக் கூடாது என்பதால் முன்கூட்டியே கோதுமை பன் சுட்டு வைத்தார்கள். ஜனங்கள் காத்திருக்காமல் முந்தின ராத்திரியே சூடாகத் தின்றுவிட்டார்கள். கடைசியில் ஜெபத்தைவிட பன்னுக்குப் பேர் நின்றது! ராணுவச் செலவுக்குப் பணம் வேண்டும் என்று அரசாங்கம் 2024 முதல் அந்த விடுமுறையை நீக்கியபோது, கோயிலுக்கே போகாதவர்களும் எதிர்த்தார்கள். தரங்கம்பாடிக் கோட்டையைக் கட்டியவர்களின் நாடு என்பதால் இதைச் சொல்கிறேன்.

பரமேறுதல்தான் நம் ஊரில் பாவப்பட்ட பண்டிகை. வியாழக்கிழமை, விடுமுறை கிடையாது. ஜெர்மனியில் அது அரசு விடுமுறை, வெட்டவெளியில் ஆராதனை வைப்பார்கள். பத்தாக் இனத்து லுத்தரன்கள் நிறையப் பேர் இருக்கும் இந்தோனேசியாவிலும், முஸ்லிம்கள் பெரும்பான்மையான நாடாக இருந்தும், விடுமுறை உண்டு. இங்கே சாயங்காலம் ஒரு சின்ன ஆராதனை நடக்கும், அல்லது அடுத்த ஞாயிறோடு சேர்த்துவிடுவார்கள். சாயங்கால ஆராதனை இருந்தால் தவறாமல் போங்கள். கூட்டம் இல்லாத கோயிலில் குருவானவரோடும் அவர் மனைவி ஐயரம்மாவோடும் பேசிப் பழக அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது.

சரி, ஆராதனைக்கு வெளியே நடப்பது. முதலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு. லெந்துக்குள் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் ஏப்ரல், மே மாதங்களில் கல்யாணங்கள் குவியும். மூன்று ஞாயிறு தொடர்ந்து மணமக்கள் பேர், பெற்றோர் பேர், ஊர், சபை எல்லாம் வாசித்து, தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அறிவிப்பார்கள். சபையில் அந்த ஐந்து நிமிடம் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள், பிரசங்கத்துக்குக் கூட அந்தக் கவனம் கிடைப்பதில்லை.

அடுத்தது விடுமுறை வேதாகமப் பள்ளி, எல்லோரும் வி.பி.எஸ். என்பது. நீங்கள் சேர்ந்துகொள்ள மிக நல்ல இடம் இதுதான். பள்ளிக்கூடம் மூடியதும் காலை நேரத்தில் கோயில் வளாகம் முழுக்கப் பிள்ளைகள். பாட்டு, கதை, மனப்பாட வசனம், கைவேலை, மோர் அல்லது ரஸ்னா, கடைசி நாள் ஊர்வலமும் நிகழ்ச்சியும். சபைப் பிள்ளைகள் மட்டுமில்லை, தெருவில் உள்ள மற்ற மதப் பிள்ளைகளும் வருவார்கள். ஆசிரியர்களுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை. பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்த உங்களுக்கு அசைவுப் பாட்டுகள் எங்களைவிட நிறையத் தெரிந்திருக்கும், தயங்காமல் பேர் கொடுங்கள்.

பெண்கள் சங்கத்தில் சேரச் சொல்லி இதற்குள் யாராவது கேட்டிருப்பார்கள். சேருங்கள், ஆனால் முதல் வருடமே பொறுப்பு எதையும் ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மார்ச் 31உடன் கணக்கு முடிந்து, பல சபைகளில் வரவு செலவு, சந்தா பாக்கி, சில இடங்களில் தேர்தல், குருமார் இடமாற்றம் எல்லாம் இந்த மாதங்களில்தான் பேச்சாக இருக்கும். சமாதான வாழ்த்தைக் கைகுலுக்கிச் சொன்ன இரண்டு பேர் வெளியே வந்து கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு சத்தம் போடுவதைப் பார்க்க நேரிடலாம். எந்தக் குடும்பம் எந்தப் பக்கம் என்று தெரியாத வரைக்கும் புதிய மருமகளுக்கு அந்த இடம் வேண்டாம். அதற்குப் பதிலாக, ஈஸ்டர் விடியற்கால ஆராதனைக்கு வர முடியாத படுக்கை நோயாளிகள், வயதானவர்கள் வீட்டுக்குக் குருவானவர் நற்கருணை கொண்டுபோவார். கூடப் போக யாராவது தேவைப்படுவார்கள். பாட்டுப் பாட ஒரு குரல் இருந்தாலே அந்த வீட்டில் பெரிய உதவி. வேறு சத்தம் இல்லாமல் சபையின் கதை முழுவதையும் அந்தக் கட்டில்களுக்குப் பக்கத்தில்தான் கேட்கலாம்.

ஞானஸ்நானங்களும் இந்தக் காலத்தில் நிறைய வரும். சொந்த ஊருக்கு எல்லோரும் விடுமுறைக்கு வருவதும் ஒரு காரணம். தமிழ் லுத்தரன்களுக்கு இதில் ஒரு பழைய தொடர்பும் உண்டு. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்க், முதன்முதலாக ஐந்து பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1707 மே மாதத்தில். டேனிஷ்காரர்களின் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். அந்த வருடம் ஈஸ்டர் ஏப்ரல் 24, பெந்தெகொஸ்தே ஜூன் 12. அதாவது நீங்கள் கேட்கும் இதே ஐம்பது நாளுக்குள். 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள் சீகன்பால்கின் கல்லறை இருக்கிறது. 1919இல் உருவான உங்கள் திருச்சபையின் பேராயர் இன்றும் தரங்கைப் பேராயர் என்றுதான் அழைக்கப்படுகிறார். விடுமுறையில் குடும்பத்தோடு ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், கடற்கரையும் பக்கத்திலேயே.

கடைசியாக நற்கருணை. முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர் என்பதால் மறுபடி எடுக்கச் சொல்வார்களோ என்ற பயம் இருந்தால் விட்டுவிடுங்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தண்ணீரால் கொடுத்த ஞானஸ்நானம் செல்லும், லுத்தரன்கள் இரண்டாம் முறை கொடுப்பதில்லை. ஆனால் முறையாகச் சபையில் சேர்த்துக்கொண்ட பிறகுதான் நற்கருணைக்கு வரச் சொல்வார்கள். முதலில் லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தை (1529) கொஞ்ச நாள் படிக்க வைப்பார்கள். பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், நற்கருணை, அவ்வளவுதான், மெல்லிய புத்தகம். திடப்படுத்தலோ (ஞானஸ்நானம் பெற்றவர் தம் விசுவாசத்தைச் சபை முன் உறுதிசெய்வது) புதிய அங்கத்தினரைச் சேர்ப்பதோ பெந்தெகொஸ்தே ஞாயிறில் வைக்கிற சபைகள் உண்டு. உங்கள் சபையில் எப்போது என்று இந்த வாரமே குருவானவரிடம் கேளுங்கள். பழைய சபையில் ஞானஸ்நானச் சான்றிதழ் கொடுத்திருந்தால் அதையும், திருமணச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு போங்கள். பழைய சபையில் சான்றிதழே தரவில்லை என்றால், ஞானஸ்நானம் நடந்ததைப் பார்த்த இரண்டு பேரின் எழுத்து போதுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்த நேரத்தில் ஓலைக்காரர்கள் எல்லாம் அவரைச் சுற்றி நிற்பார்கள், வாரநாளில் சாயங்காலம் குருமனைக்குப் போவது நல்லது.